ஊடகத்தாருக்கான இணையவழிச் சூழல் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் செய்தித்தாள், தொலைக்காட்சி, வானொலி, யூடியூப் சேனல்களில் வேலை பார்ப்பவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பயிற்சி இது. சூழல், நீடித்த வளர்ச்சி பற்றிய பாடங்களை இணையத்தில் கேட்டு, அவற்றை அன்றாடச் செய்தி வேலையில் கையாளப் பழகுவதுதான் நோக்கம். இந்த முறை பாடத்திட்டத்தை அடியோடு மாற்றியிருக்கிறோம். அதையொட்டி போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

யாரெல்லாம் சேரலாம்?

செய்தி சேகரிப்பவர், படம் எடுப்பவர், எடிட் செய்பவர், டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்தி வெளியிடும் பிரிவில்) இருப்பவர், விளம்பரப் பிரிவில் இருப்பவர் என எல்லாரும் சேரலாம். அடையாள அட்டை கேட்பதில்லை. தாலுகா நிருபர்களுக்கும், அட்டையே கிடைக்காமல் வருடக்கணக்கில் செய்தி அனுப்பும் பகுதிநேரச் செய்தியாளர்களுக்கும் முதலிடம். ஒரு கண்மாய் உடைந்தால் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள். பயிற்சி என்று வந்தால் மட்டும் அவர்களைக் கடைசியாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

இணையத்தில் ஏற்கெனவே நல்ல பயிற்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் வேறு எதற்கு நடத்துகிறீர்கள்?

கிடைக்கின்றன, அவற்றை மதிக்கிறோம். பிரிட்டனில் பாஃப்டா என்ற திரை, தொலைக்காட்சிக் கலை அமைப்பின் கீழ் 2011 முதல் இயங்கும் ஆல்பர்ட் என்ற அமைப்பு, படப்பிடிப்பில் எவ்வளவு கரிமம் வெளியாகிறது என்று கணக்கிடும் கருவியையும் பயிற்சிகளையும் தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம், உலகெங்கும் உள்ள செய்தியாளர்களைச் சேர்த்து இணையத்திலேயே பருவநிலை இதழியல் பயிற்சி நடத்துகிறது. ஆங்கிலம் தெரிந்து, நேரமும் கிடைத்தால் அவசியம் சேருங்கள்.

ஆனால் அந்தப் பாடங்களை எழுதியவர்கள் மனத்தில் இருக்கும் செய்தியாளர் வேறு. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் கிடைக்கும். உடன் ஒரு அறிவியல் ஆசிரியர் இருப்பார். உசிலம்பட்டியில் காலையில் விபத்து, மதியம் யூனியன் ஆபீஸ் முற்றுகை, மாலையில் கோயில் கும்பாபிஷேகம் என்று ஓடுபவருக்கு பனிப்பாறை உருகும் படத்தைக் காட்டி 40 ஸ்லைடு ஓட்டினால், கேட்கும்போது மனம் கனக்கும். மறுநாள் வேலையில் ஒன்றும் மாறாது. சூழல் பயிற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. கேட்பவருக்கு அக்கறை இல்லாமல் போவதில்லை. நாளைக்கு எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று பாடம் சொல்லாமல் விடுவதால்தான் தோற்கின்றன. இந்த முறை எல்லாப் பாடத்தையும் அந்தக் காகிதத்திலிருந்து தொடங்குகிறோம்.

அப்படியென்றால் வகுப்பு எப்படித்தான் நடக்கும்?

சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரமே ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுப் பக்கமோ, வேலைக்குப் போகும் வழியிலோ இருந்தால் நல்லது. வண்டியூர், மாடக்குளம், செல்லூர் மாதிரி பெயர் தெரிந்த கண்மாயாக இருக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையே இல்லாத கண்மாய் என்றால் இன்னும் நல்லது. பயிற்சி முடியும்வரை அந்தக் கண்மாய்தான் உங்கள் பாடப் புத்தகம்.

முதல் வேலை, அது யாருடையது என்று கண்டுபிடிப்பது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் பொறுப்பு இன்னும் சிக்கலாகிவிடும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தாசில்தாரிடம் கேட்டு, அவர் பொறியாளரைக் காட்டி, பொறியாளர் பி.டி.ஓ.வை (வட்டார வளர்ச்சி அலுவலரை) காட்டி, செய்தியே செத்துப்போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்து ஆவணம். கிராம 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) அந்தச் சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது, பரப்பு எவ்வளவு, புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) எல்லை எங்கே போகிறது என்று பார்ப்போம். பிறகு அதே இடத்தை கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குத் தள்ளிப் பார்ப்போம். நீர்ப்பரப்பு எந்த ஆண்டில் எந்தப் பக்கம் சுருங்கியது, சாலை எப்போது வந்தது, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் மறைகிறது என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வோம்: செயற்கைக்கோள் படம் கேள்வி கேட்க உதவும், ஆக்கிரமிப்பு என்று தீர்ப்பு சொல்ல உதவாது. தீர்ப்புக்கு நில அளவை வேண்டும்.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரையில் நடப்பது. மடை (தண்ணீர் திறந்துவிடும் வாய்) எத்தனை, எத்தனை மடை திறக்கிற நிலையில் இருக்கிறது, கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) எங்கே, கலுங்கு தாண்டும் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது? இதையெல்லாம் காகிதத்தைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பங்கிடும் அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி அல்லது மடைக்குடும்பர். அவர் இல்லாத ஊரில், கண்மாய்க்குள் ஆடு மேய்க்கும் அம்மாவிடம் கேளுங்கள். தண்ணீர் எந்த மாதம் வரும், எந்த மாதம் நாறும் என்று அவருக்குத் தெரியும். இவர்களை 'பொதுமக்கள் கூறியதாவது' என்ற ஒற்றை வரியில் அடைக்காமல், சம்மதம் கேட்டு, பெயரோடும் வேலையோடும் எழுதுவது பாடத்தின் ஒரு பகுதி.

ஒவ்வொரு வேலையும் ஒரு செய்தியாக வெளிவர வேண்டும். நாலு வரிச் செய்தியானாலும் சரி, ஒரு நிமிட வீடியோவானாலும் சரி.

பருவநிலை மாற்றம் பற்றிய பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கண்மாயைப் பற்றியே பேசுகிறீர்களே?

நமக்குப் பருவநிலை மாற்றம் வந்து சேரும் வாசல் மழைதான், பிறகு வெயில். காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. 2024 அக்டோபர் இறுதியில் மதுரையில் சிறிது நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர் சுற்றுவட்டாரம் தண்ணீரில் நின்றது.

இங்கேதான் செய்தியாளருக்கு இரண்டு பள்ளங்கள். தெருவில் தண்ணீர் நிற்பதற்கு ஆக்கிரமிப்பு மட்டுமே காரணம் என்று எழுதினால், மழையின் குணம் மாறிவருவது விட்டுப்போகும். பருவநிலை மாற்றம் என்று மட்டும் எழுதினால், வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் விட்டவருக்கு அது நல்ல சாக்காகிவிடும். 'வரலாறு காணாத மழை, நாங்கள் என்ன செய்ய முடியும்' என்று ஒரு அதிகாரி சொன்னால், இரண்டு எண்களைக் கேட்கப் பழக்குகிறோம். எத்தனை மணி நேரத்தில் எத்தனை மி.மீ. பெய்தது? அந்த வடிகால் எவ்வளவு தண்ணீருக்காகக் கட்டப்பட்டது? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொறுப்பு எவ்வளவு தூரம் வானத்துடையது, எவ்வளவு தூரம் அலுவலகத்துடையது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

மழை அளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் வானிலைத் துறைக் கணக்கில் கனமழை. 204.4 மி.மீ.க்கு மேல் போனால் அதி கனமழை. 30 மி.மீ. மழைக்கு 'மதுரையை மிரட்டிய கனமழை' என்று தலைப்பு வைத்தால், உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் நம் எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

வெயிலுக்கும் தனிப் பாடம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனாலும் கோடை வந்தால் இளநீர்க் கடைப் படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. தார்ச்சாலை போடுபவர், தூய்மைப் பணியாளர், செங்கல் சூளையில் நிற்பவர் ஆகியோரின் வேலை நேரம் மாறியதா என்று போய்ப் பார்ப்பதுதான் அந்தப் பாடத்தின் பயிற்சி.

அரிட்டாபட்டி பாடத்தில் வருமா?

வரும். முழுதாக ஒரு வாரம் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.21 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகள், சுனைகள், சமணப் படுகைகள், தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு, லகர் வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி என்று அந்த இடத்தின் செல்வத்தை அப்போதே நாம் எல்லாரும் எழுதினோம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கி 2015.51 ஹெக்டேர், அதாவது சுமார் 5,000 ஏக்கர், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியாக ஏலம் போன செய்தி வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

போராட்டத்தை ஊடகங்கள் நன்றாகவே பதிவு செய்தன. பாடத்தில் நாங்கள் எடுத்துக்கொள்வது அதற்கு முந்தைய காலம். கனிமத் தொகுதிகளுக்கான ஏல அறிவிப்பு ரகசியமாக வருவதில்லை, பொதுவில்தான் வருகிறது. தொகுதியின் பெயரும் மாவட்டமும் பரப்பும் அதில் இருக்கும். எல்லையின் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைத்தால் அவற்றை வரைபடத்தில் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். முடிவு வந்த பிறகு ஊர் கொதித்தெழுவதை எழுதுவது ஒரு வேலை. முடிவுக்கு முன்பே ஊருக்குத் தகவல் சொல்வது அதைவிடப் பெரிய வேலை. அந்த வாரப் பயிற்சியில் இப்போது நடப்பில் உள்ள அறிவிப்புகளில் நம் மாவட்டங்களைத் தேடுவோம்.

இதனுடன் சேர்ந்தது, திட்டங்களுக்குச் சூழல் அனுமதி தரும் முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். பல நேரம் நம் பத்திரிகையிலேயே, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் அது வந்துவிடுகிறது, நாமே படிப்பதில்லை. வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறவர், மேடைச் சண்டையைப் படம் பிடித்துவிட்டு வருகிறவரைவிட பத்து மடங்கு நல்ல செய்தியோடு திரும்புவார்.

அறிவியல் படிக்காதவர்களுக்கு எண்கள் புரியுமா?

புரியும். தேவைப்படும் எண்கள் மிகச் சிலதான். ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், அணையில் வினாடிக்கு 1,000 கன அடி திறக்கிறார்கள் என்றால் வினாடிக்கு 28,300 லிட்டர். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இதெல்லாம் பாதிப் பேருக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

குடிநீருக்கு இந்தியத் தரக் குறியீட்டில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. குளிக்கிற நீரில் உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடி கண்மாயில் நுரை பொங்கியபோது படம் எல்லா போனிலும் ஓடியது. நுரை எதனால், அதில் சாக்கடை எவ்வளவு, சோப்பு எவ்வளவு, மாதிரி எடுத்தார்களா, எடுத்த மாதிரியின் முடிவு என்ன என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டு மூன்று எண்கள் தெரிந்திருந்தால் போதும். அதிகாரி ஒரு எண்ணைச் சொன்னதும், அது எந்த வரம்புக்கு மேல் என்று திருப்பிக் கேட்டுவிடலாம்.

நான் வீடியோ யூனிட்டில் வேலை பார்க்கிறேன். செய்தி எழுதுவதில்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தனி வகுப்பு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. படப்பிடிப்பில் ஜெனரேட்டர் நாளுக்கு 100 லிட்டர் குடித்தால் 270 கிலோ. மின்வாரிய இணைப்பிலும் யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் வெளியேற்றம் உண்டு, நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால். எனவே ஜெனரேட்டரை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்வதில்லை. பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, கால்வாசிச் சுமையில் நாள் முழுக்க ஓட்டுவதுதான் பெரிய வீண். 1,000 வாட் டங்ஸ்டன் விளக்கின் வேலையை 200 வாட் எல்.இ.டி. செய்யும். எல்லா விளக்கையும் மாற்றினால் ஜெனரேட்டரும் சிறியதாகும், வாடகையும் குறையும், வியர்வையும் குறையும். தயாரிப்பாளரிடம் பேசும்போது வாடகையிலிருந்து தொடங்குங்கள்.

வண்டியும் கணக்கில் வரும். மேலூரில் ஒரு நிகழ்ச்சி என்றால் மூன்று சேனல்களிலிருந்து மூன்று கார் போகிறது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தானே, ஒரே வண்டியில் போகலாம். தெர்மோகோல் எழுத்து, ஒருநாள் பிளெக்ஸ், தண்ணீர் பாட்டில் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தடை பற்றிச் செய்தி போடும் சேனலின் சொந்த நிகழ்ச்சியில் பிளாஸ்டிக் டம்ளர் கிடந்தால் பார்ப்பவருக்கு அதுதான் கண்ணில் படும்.

வகுப்பு எந்த நேரத்தில்? டேட்டா எவ்வளவு ஆகும்?

திங்கள் காலை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். மாலை நாலு மணியிலிருந்து பக்கம் முடியும்வரை யாரும் மூச்சுவிட முடியாது. அதனால் நேரலை வகுப்பு வாரத்தில் ஒரு நாள், புதன் காலை 7 முதல் 7.45 வரை. மற்றதெல்லாம் பத்து நிமிட ஒலிப்பதிவுகளாக வாட்ஸ்அப்பில் வரும். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு 500 எம்.பி.க்கு மேல் தின்றுவிடும். பத்து நிமிட ஒலிப்பதிவைச் சுருக்கி அனுப்பினால் இரண்டரை எம்.பி. போதும். பஸ்ஸில் கேட்கலாம், வண்டி நிறுத்திவிட்டு டீக்கடையில் கேட்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் பாடம் நிற்காது.

பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் வாரமும், சித்திரைத் திருவிழா நாட்களும் விடுமுறை. அந்த நாட்களில் வகுப்பு வைப்பவர் இந்த ஊரைத் தெரியாதவராகத்தான் இருக்க முடியும்.

காலை ஏழு மணி பெண்களுக்கு ஒத்துவருமா?

பலருக்கு ஒத்துவராது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் அது. அதனால் அதே வகுப்பை வியாழன் முற்பகல் 11.30க்கு மறுபடியும் நடத்துகிறோம். பதிவை மட்டும் அனுப்பி விடுவது சரியான வழியாக எங்களுக்குப் படவில்லை. கேள்வி கேட்கிற வாய்ப்பு நேரலையில்தான் இருக்கிறது.

கற்றுக்கொண்டு எழுதி அனுப்பினால், டெஸ்க்கில் வெட்டிவிடுகிறார்களே?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நிருபரை மட்டும் பயிற்றுவித்துவிட்டு அவரைப் பழைய டெஸ்க்குக்கே திருப்பி அனுப்பினால், மூன்றாவது செய்தி வெட்டுப்பட்டதும் அவர் நிறுத்திவிடுவார். யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள்.

அதனால் இந்த முறை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். ஒரு நிறுவனத்திலிருந்து செய்தியாளர் சேர்ந்தால், அதே நிறுவனத்தின் டெஸ்க்கிலிருந்து ஒருவர் மாதம் ஒரு முறையாவது எங்களோடு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். அவருக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. வெட்டுப்பட்ட செய்திகளை அவர் முன்னால் வைத்துப் பேசுவோம். ஏன் வெட்டினீர்கள், இடம் இல்லையா, புரியவில்லையா, ஆதாரம் போதவில்லையா, விளம்பரதாரர் பற்றிய பயமா? பதில் என்னவென்று தெரிந்தால் நிருபர் அடுத்த முறை அதற்கேற்ப எழுதுவார். சில நேரம் டெஸ்க் சொல்வதுதான் சரியாக இருக்கும். 'கண்மாய் மாசு, நடவடிக்கை எடுக்கப்படுமா?' என்று முடியும் செய்தியில் எந்தத் துறை, எந்தச் சர்வே எண், எப்போதிலிருந்து என்று எதுவும் இல்லையென்றால் நானும் வெட்டுவேன்.

டெஸ்க்குக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: தொடர் செய்திக்கு இடம் வையுங்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளன்று கன்று நடும் படம் எல்லாப் பக்கத்திலும் வருகிறது. போன வருடம் அதே இடத்தில் நட்ட கன்று உயிரோடு இருக்கிறதா என்ற செய்தி எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. தீபாவளி வந்தால் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத மக்களைப் பற்றி எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான், அந்த மக்கள் அந்தப் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால் அந்தப் பறவைகள் வந்து இறங்கும் கண்மாய்க்கு இந்த வருடம் தண்ணீர் வந்ததா என்று பங்குனியிலும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

விளம்பரப் பிரிவுக்கு இதில் என்ன வேலை?

'நூறு சதவீதம் இயற்கை', 'பசுமை நகர்', 'மண்ணில் மக்கும் பை' என்று விளம்பரம் வருகிறது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் சூழல் உரிமைகோரல் விதிகள் 2024 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அதே ஆண்டு அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சூழலுக்கு நல்லது என்று சொல்பவர் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது இரண்டின் சாரம். விளம்பரத்தை வாங்கும்போதே ஆதாரம் கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் நிறுவனத்துக்குத் தலைவலி இல்லை. ஏரிக்கரைக் காட்சி என்று விற்கும் மனைப்பிரிவு எந்தக் கரையில், எந்தச் சர்வே எண்ணில் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

குவாரி, மணல் செய்தி எடுக்கப் பயமாக இருக்கிறது. அதற்கும் பயிற்சி உண்டா?

பயப்படுவதில் தவறே இல்லை. எந்தச் செய்தியும் உயிருக்கு ஈடாகாது. தனியாகப் போகக் கூடாது, இருட்டிய பிறகு போகக் கூடாது, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தகவல் தந்தவரின் முகம், குரல், வீட்டு வாசல், வண்டி எண் எதுவும் வீடியோவில் வரக் கூடாது. செய்தி வந்த மறுநாள் நாம் வேறு ஊரில் இருப்போம், அவர் அதே தெருவில் இருப்பார்.

பல குவாரி செய்திகளைக் களத்துக்குப் போகாமல் ஆவணத்தில் இருந்தே எடுக்கலாம். அனுமதிப் பரப்பு, காலாவதித் தேதி, சூழல் அனுமதியின் நிபந்தனைகள் எல்லாம் காகிதத்தில் உள்ளவை. மேலூர் பக்கக் கிரானைட் முறைகேட்டில், உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையர் சகாயம் 2015இல் அறிக்கை தந்தார். அந்த வழக்கின் போக்கைப் படிப்பதும் ஒரு பாடம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் 'ஏன்' என்று கேட்காமல், இன்ன கோப்பின் நகல் வேண்டும் என்று கேட்கும் விதத்தை எழுதிப் பார்த்தே பழகுவோம்.

பழைய வெள்ள வீடியோக்கள் சுற்றுகின்றனவே, அதைப் பற்றி?

ஒவ்வொரு ஐப்பசியிலும் இது நடக்கிறது. பாலம், கடைப் பலகை, பஸ்ஸின் நிறம் இவற்றை வைத்து ஆண்டையும் இடத்தையும் கண்டுபிடிக்கும் சிறு பயிற்சி உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு போன் போடுவதுதான் இன்றும் வேகமான வழி.

சான்றிதழ் தருவீர்களா? கட்டணம்?

சான்றிதழ் உண்டு. தேர்வு எழுதியதற்காகத் தருவதில்லை. மூன்று செய்தியாவது வெளிவந்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேரச் செய்தியாளர்களுக்கு, கண்மாய்க்கும் தாலுகா ஆபீசுக்கும் போய்வரும் செலவை நாங்களே தருகிறோம். அவர்களுக்கு அரை நாள் என்பது அரை நாள் வருமானம். அதைக் கணக்கில் எடுக்காத பயிற்சியில் வசதி உள்ளவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

கடைசி நாளில் 'பயிற்சி பிடித்திருந்ததா' என்று கேட்டால் எல்லாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள், நம் ஊர் மரியாதை அது. நாங்கள் செய்திகளைப் பார்க்கிறோம். சேர்வதற்கு முன் எழுதிய சூழல் செய்திகளையும், முடிந்து மூன்று மாதம் கழித்து எழுதியவற்றையும் பக்கத்தில் வைத்துப் படிப்போம். பொறுப்பான அலுவலரின் பதில் இருக்கிறதா? ஒரு ஆவணமாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறதா? அந்த இடத்தில் வாழ்பவரின் குரல் இருக்கிறதா, அதில் பெண்கள் எத்தனை பேர்? அதே விஷயத்தில் இரண்டாவது செய்தி வந்ததா? எழுதியவரோடு உட்கார்ந்தே படிப்போம், மதிப்பெண் போடுவதில்லை. மூன்று மாதத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருந்தால், அந்தப் பாடத்தை அடுத்த அணிக்கு மாற்றி எழுதுவோம்.

மதுரைக்கு வெளியே இருப்பவர்கள் சேரலாமா?

சேரலாம். தேனிக்காரர் முல்லைப் பெரியாற்றையும், ராமநாதபுரத்துக்காரர் பெரிய கண்மாயையும், விருதுநகர்க்காரர் பட்டாசுத் தொழிலையும் எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊராக இருந்தாலும் முதல் வாரமே இடம் முடிவாகிவிட வேண்டும்.

நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனால்?

தேர்தல் வரும், மழை வரும், வீட்டில் ஒரு நல்லது கெட்டது வரும். ஒலிப்பதிவுகள் குழுவிலேயே இருக்கும். விட்ட இடத்தில் தொடரலாம், காரணம் கேட்கமாட்டோம். கண்மாய் வேலையை மட்டும் கிராம சபை தேதியோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைய கூட்டத்தில் நீர்நிலை பற்றிய பேச்சு எழ வாய்ப்பு அதிகம். அதற்கு முன்பே உங்கள் கண்மாயின் பதிவேட்டு நகல் கையில் இருக்கட்டும்.